சாவியைத் திருப்பினா ‘டக்’னு ஒரு சத்தம்தான்! – வண்டியின் கரண்ட் கோளாறைக் கண்டுபிடிப்போம்



கறவை மாடு, தையல் மெஷின், கிரைண்டர் என்று கடன் வாங்கிய நம் குழுக்கள் இப்போது வண்டிக்கும் கடன் வாங்குகின்றன. குரோம்பேட்டை, அஸ்தினாபுரம், பல்லாவரம் பக்கம் கடைகளுக்குத் தோசை மாவு போடவும், காய்கறி ஏற்றி வரவும், பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கூட்டிப் போகவும் பழைய வேனையோ சின்ன லோடு வண்டியையோ வாங்கி ஓட்டுகிறோம். வண்டி ஓடினால் தவணை கட்டிவிடலாம். காலையில் வண்டி எடுக்கவில்லை என்றால் அன்றைய மாவு புளித்துப் போகும், கடைக்காரர் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வார், தவணை தேதி மட்டும் தவறாமல் வந்து நிற்கும்.

வண்டி எடுக்காமல் போகப் பல காரணம் உண்டு. இந்தப் பாடத்தில் கரண்ட் சம்பந்தமான கோளாறை மட்டும் பார்ப்போம். “இதெல்லாம் மெக்கானிக் வேலை, நமக்கு எதுக்கு?” என்று கேட்பீர்கள். ரிப்பேர் வேலையை மெக்கானிக்கே செய்யட்டும். ஆனால் எந்த இடத்தில் கோளாறு என்று பார்க்காமலேயே ஒவ்வொரு பொருளாக மாற்றினால் பணம் யாருடையது? நம்முடையது.

ஒரு குழுவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து குழுக் கடனில் பழைய மாருதி ஆம்னி வேன் ஒன்று வாங்கினார்கள். மாவு சப்ளை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஒரு நாள் விடியற்காலை சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், அதோடு சரி. மறுபடி திருப்பினால் மறுபடி ஒரு ‘டக்’. பட்டறையில், “பேட்டரி போயிடுச்சும்மா, புதுசு போடுங்க” என்றார்கள். கையிருப்பை எடுத்துப் புது பேட்டரி போட்டார்கள். நாலு நாள் ஓடியது. ஐந்தாம் நாள் அதே ‘டக்’. இந்த முறை “செல்ஃப் மோட்டார் மாத்தணும்” என்றார்கள். அதற்குள் பத்து நாள் வியாபாரம் போய்விட்டது. கோளாறு பேட்டரியிலும் இல்லை, செல்ஃப் மோட்டாரிலும் இல்லை. எங்கே இருந்தது என்று பிறகு பார்ப்போம். அதற்கு முன்னால் வண்டிக்குள் கரண்ட் எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்வோம்.

கரண்ட் போகிற வழி

பேட்டரியை நம் குழுவின் சேமிப்புக் கணக்கு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பியதும் செல்ஃப் மோட்டார் அதிலிருந்து ஒரே மூச்சில் பெரிய தொகை எடுக்கிறது. சின்ன பெட்ரோல் வண்டிக்கே நூறு ஆம்பியருக்கு மேல் வேண்டியிருக்கும். இரண்டு மூன்று நொடிதான். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் டைனமோ (ஆல்டர்நேட்டர் என்றும் சொல்வார்கள்) அந்தக் கடனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டுகிறது. டைனமோ கட்டாமல் விட்டால் இருப்பு குறைந்துகொண்டே வரும். ஒரு நாள் காலையில் கையை விரிக்கும்.

கரண்ட் ஒரு வட்டமாகத்தான் ஓடும். பேட்டரியின் பிளஸ் முனையில் கிளம்பி, தடிமனான ஒயர் வழியாக செல்ஃப் மோட்டாருக்குப் போய், அங்கிருந்து இன்ஜின் இரும்பு, வண்டி பாடி, எர்த் ஒயர் வழியாக மைனஸ் முனைக்குத் திரும்ப வேண்டும். போகிற வழியை எல்லோரும் பார்ப்பார்கள். திரும்பி வருகிற வழியைப் பார்க்க மறந்துவிடுவார்கள். எர்த் என்பது தனியாக ஒன்றும் இல்லை, இந்தத் திரும்பும் வழிதான்.

இன்னொரு சின்ன வழியும் உண்டு. சாவி போடுகிற சுவிட்சிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக செல்ஃப் மோட்டாரின் தலையில் இருக்கிற சோலினாய்டுக்கு “இப்போ சுத்து” என்று உத்தரவு போகிற மெல்லிய ஒயர் அது. உத்தரவு வந்ததும் சோலினாய்டு உள்ளே இழுத்துக்கொள்ளும். நமக்குக் கேட்கிற ‘டக்’ சத்தம் அதுதான்.

(1911-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் இந்த செல்ஃப் மோட்டாரைச் செய்து காட்டினார். 1912-ல் கேடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன்னால் காருக்கு முன்னே நின்று இரும்புக் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அது திருப்பி அடித்துக் கை உடைந்தவர்கள் உண்டு. இந்த மோட்டார் வந்த பிறகு பெண்கள் கார் ஓட்டுவது சுலபமாயிற்று. நம் ஊர் அம்பாசிடர் காருக்கும் அந்தக் கைப்பிடி உண்டு, வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.)

முதலில் காதால் கேளுங்கள்

வண்டி எடுக்கவில்லை என்றால் பதற்றத்தில் திருப்பித் திருப்பி செல்ஃப் அடிக்காதீர்கள். இருக்கிற கொஞ்ச கரண்டும் போய்விடும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒருவர் வண்டிக்கு முன்னால் நின்று வெளிச்சத்தைப் பார்க்கட்டும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஹேண்ட் பிரேக் போட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் சாவியைத் திருப்பட்டும். சத்தத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

லைட்டே எரியவில்லை, சத்தமும் இல்லை என்றால் பேட்டரி முழுக்க இறங்கியிருக்கும், அல்லது டெர்மினல் கழன்றிருக்கும். பெரிய ஃபியூஸ் போயிருந்தாலும் இப்படித்தான்.

‘டக்டக்டக்டக்’ என்று வேகமாக அடித்துக்கொண்டு, லைட்டும் கூடவே மங்கி மங்கி எரிகிறதா? பேட்டரியில் சார்ஜ் குறைவு, அல்லது டெர்மினல் பிடிப்பு சரியில்லை. செல்ஃப் ‘ரூ...ம்... ரூ...ம்’ என்று இழுத்து இழுத்துச் சுற்றினாலும் இதே சந்தேகம்தான்.

ஒரே ஒரு ‘டக்’, லைட்டும் நன்றாக எரிகிறது என்றால் பேட்டரியின் மேல் பழி போட அவசரப்படாதீர்கள். பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, செல்ஃப் மோட்டாருக்குப் போய்த் திரும்பவில்லை. செல்ஃப் மோட்டாரோ, சோலினாய்டோ, எர்த்தோ காரணமாக இருக்கலாம். லைட் பிரகாசமாக எரிந்து, ‘டக்’கூட வரவில்லை என்றால் உத்தரவு போகிற மெல்லிய வழியில் கோளாறு. அதாவது சாவி சுவிட்ச், ஃபியூஸ், ரிலே. சில புது வண்டிகளில் கிளட்ச்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும், அதையும் பார்த்துவிடுங்கள்.

செல்ஃப் நன்றாக வேகமாகச் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியையும் செல்ஃபையும் விட்டுவிடலாம். பெட்ரோல் பம்பு, பிளக்கு, காயில் பக்கம் போக வேண்டும். மீட்டர் போர்டில் சாவி படம் போட்ட விளக்கு மின்னிக்கொண்டே இருந்தால் வண்டி உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். இன்னொரு சாவி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள்.

டெர்மினலைச் சுத்தம் செய்வது

பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ மாவு மாதிரி பூத்திருக்கும். கரண்ட் அதைத் தாண்டிப் போவது கஷ்டம். சுத்தம் செய்ய ஒரு செலவும் இல்லை, ஆனால் சில ஜாக்கிரதைகள் உண்டு.

கையில் இருக்கிற உலோக வளையல், மோதிரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். தாலிச் செயினை ரவிக்கைக்குள் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. வெறும் 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான். ஆனால் ஒரு வளையல் பிளஸ் முனைக்கும் வண்டி இரும்புக்கும் நடுவே மாட்டிக்கொண்டால் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும், சதை வெந்துபோகும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும், தீப்பொறி பட்டால் வெடிக்கும். அதனால் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடாது. உள்ளே இருப்பது கந்தக அமிலம். கண்ணில் பட்டால் உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சாவியை எடுத்துவிட்டு, முதலில் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். ஏன் மைனஸ் முதலில்? வண்டி பாடி முழுக்க மைனஸ்தான். மைனஸைக் கழற்றிவிட்டால் ஸ்பேனர் தவறிப்போய்ப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது. மாட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கழற்றிய முனைகளில் ஆப்ப சோடா கலந்த வெந்நீரை ஊற்றிப் பழைய பிரஷ்ஷால் தேயுங்கள், நுரைத்துக்கொண்டு வரும். பேட்டரி மூடிகள் இறுக்கமாக மூடியிருக்கட்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக்கூடாது. துடைத்துக் காயவைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். கையால் அசைத்தால் டெர்மினல் அசையக்கூடாது.

மூடி திறக்கிற பேட்டரியாக இருந்தால் தண்ணீர் அளவையும் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான் ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் ஊற்றினால் அதில் இருக்கிற உப்பு பேட்டரியைக் கெடுத்துவிடும்.

மீட்டர் பொய் சொல்லாது

கரண்ட் பார்க்கிற மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வண்டிக் கடன் வாங்கிய குழுக்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். திருகியை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, சிவப்பு ஒயரைப் பிளஸிலும் கறுப்பை மைனஸிலும் வையுங்கள்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் ஏற்ற வேண்டும். பிறகு சாவியைத் திருப்பச் சொல்லி, செல்ஃப் சுற்றும்போது பாருங்கள். 9.6-க்குக் கீழே விழக்கூடாது. 12.6 காட்டுகிற பேட்டரி, செல்ஃப் அடித்ததும் 7, 8 என்று விழுந்தால் அது மேலுக்கு ஆரோக்கியம், உள்ளே பலமில்லை. கடைசியாக இன்ஜின் ஓடும்போது ஒரு முறை. 13.8-லிருந்து 14.5 வரை காட்டினால் டைனமோ வேலை செய்கிறது. 12.4-லேயே நின்றால் டைனமோவையோ அதன் பெல்ட்டையோ பார்க்க வேண்டும். அதைச் சரி செய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் இறங்கித்தான் போகும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றி டைனமோவைச் சோதிக்கிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. இப்போதைய வண்டிகளில் கம்ப்யூட்டர் போர்டு இருக்கிறது, அதை இந்தப் பழக்கம் கெடுத்துவிடும். யாராவது கை வைத்தால், “வேண்டாம்ண்ணே, மீட்டர் வெச்சுப் பாருங்க” என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

இப்போது அந்த ஆம்னி வேனுக்கு வருவோம். அவர்கள் வேறொரு வயதான மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். அவர் எதையும் கழற்றவில்லை. “ஹெட்லைட்டைப் போடும்மா” என்றார். லைட் பளிச்சென்று எரிந்தது. “இப்போ செல்ஃப் அடி.” ஒரு ‘டக்’, லைட் மங்கவில்லை. மீட்டரின் ஒரு ஒயரைப் பேட்டரி மைனஸிலும், இன்னொன்றை இன்ஜின் இரும்பிலும் வைத்து மறுபடி அடிக்கச் சொன்னார். இரண்டும் மைனஸ் பக்கம்தானே, அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. மீட்டர் 4 வோல்ட் காட்டியது. திரும்பும் வழி அடைபட்டிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. இன்ஜினையும் பாடியையும் சேர்க்கிற எர்த் பட்டையின் போல்ட் துருப்பிடித்து, பட்டை முழுக்கப் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. புதுப் பட்டை, புது போல்ட், உப்புத்தாள். அரை மணி நேர வேலை. புது பேட்டரிக்குக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

அந்தத் துரு எங்கிருந்து வந்தது?

தரையில் போட்டிருந்த ரப்பர் பாயைத் தூக்கிப் பார்த்தபோது கீழே காய்ந்த சேறு. வண்டி எப்போதோ வெள்ளத்தில் நின்றிருக்கிறது. வாங்கும்போது யாரும் பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை.

நம் பக்கத்தில் இதை மறக்கக்கூடாது. 2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் எல்லாம் தண்ணீரில் நின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடியும் முடிச்சூர் பக்கம் தண்ணீர். அப்போது மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. கழுவித் துடைத்து விற்றவையும் உண்டு. அழுக்குத் தண்ணீர் ஒயர் இணைப்புகளுக்குள் புகுந்தால் அன்றைக்கே கோளாறு வராது. மாதக்கணக்கில், ஏன் வருடம் கழித்துக்கூட, செம்பு களிம்பேறி இன்றைக்கு ஒரு லைட், நாளைக்கு ஹாரன், அப்புறம் செல்ஃப் என்று ஒவ்வொன்றாக நிற்கும்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் தரைப்பாயைத் தூக்கிப் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியைத் திறந்து பச்சையோ சேறோ இருக்கிறதா என்று பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை வெளியே இழுங்கள். கழுவுகிறவர்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி முழத்தைக் கழுவியிருக்க மாட்டார்கள், தண்ணீர்க் கறை அப்படியே இருக்கும்.

நம் வண்டிக்குள்ளேயே வெள்ளம் புகுந்தால், வடிந்ததும் ஆசைக்குக்கூட சாவியைத் திருப்பாதீர்கள். இன்ஜினுக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, உள்ளே இருக்கிற இரும்புக் கம்பிதான் வளையும். மைனஸ் டெர்மினலைக் கழற்றிவிட்டு, தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்து, வண்டியைக் கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டு போங்கள். தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளச் சேதத்துக்குப் பணம் வராது, முழு இன்சூரன்ஸ் வேண்டும். முழு இன்சூரன்ஸ் இருந்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் கெட்டால், அதற்கென்று தனிப் பாதுகாப்பு எடுத்திருக்காவிட்டால் பணம் தர மறுப்பார்கள்.

ராத்திரியில் கரண்ட் திருட்டு

பேட்டரி நல்லது, டைனமோ நல்லது, ஆனாலும் இரண்டு நாள் நின்றால் எடுக்கவில்லை என்றால் ஏதோ ஒன்று கரண்டைக் குடிக்கிறது. கணக்குப் போடுவோம். சின்ன வேன் பேட்டரி 35 ஆம்பியர் மணி என்று வையுங்கள். உள்ளே எரிகிற 5 வாட் பல்பு 0.4 ஆம்பியர் எடுக்கும். சனிக்கிழமை சாயங்காலம் கதவு சரியாக மூடாமல் போய்த் திங்கள் காலை வந்தால் 36 மணி நேரம். 36 × 0.4 = 14.4. கிட்டத்தட்ட பாதி இருப்பு காலி. ஹெட்லைட்டை மறந்துவிட்டால் மூன்று நான்கு மணி நேரமே போதும். செல்போன் சார்ஜர், பாட்டுப் பெட்டி, தனியாகப் போட்ட கலர் லைட்டு எல்லாவற்றையும் பாருங்கள். எலி ஒயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாவு, அரிசி ஏற்றுகிற வண்டியில் எலி வராமல் இருக்காது.

ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும். சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. செம்புக் கம்பியோ சிகரெட் தாளோ சுற்றிப் போட்டால் ஃபியூஸுக்குப் பதில் ஒயர் எரியும், வண்டியே எரிந்தாலும் எரியும்.

அவசரத்துக்குப் பக்கத்து வண்டியிலிருந்து கரண்ட் எடுக்கலாம். சிவப்பு ஒயரை முதலில் நம் பேட்டரி பிளஸில், மறுமுனையை அவர்கள் பிளஸில் மாட்டுங்கள். கறுப்பை அவர்கள் மைனஸில் மாட்டி, கடைசி முனையை நம் பேட்டரியில் வைக்காமல் தள்ளி, நம் இன்ஜினில் பெயிண்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். கடைசியில் பறக்கிற பொறி பேட்டரி வாயுவுக்குப் பக்கத்தில் பறக்கக்கூடாது என்பதற்காகத்தான். பழைய வண்டியைத் தள்ளி, இரண்டாம் கியரில் கிளட்ச்சை விட்டும் எடுக்கலாம். பேட்டரி முழுக்க இறங்கிப்போன புது வண்டியில் இது பலிக்காது.

பட்டறையில் என்ன கேட்பது?

மெக்கானிக்குகளைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ‘டக்’ சத்தத்தை ஆயிரம் தடவை கேட்டவர்கள் அவர்கள், பெரும்பாலும் சரியாகத்தான் சொல்வார்கள். ஆனாலும் பொருள் மாற்றுவதற்கு முன்னால், “அண்ணே, செல்ஃப் அடிக்கும்போது எத்தனை வோல்ட் வருது, காட்டுங்க. எர்த் பாத்தீங்களா? டைனமோ சார்ஜ் ஏத்துதா?” என்று மூன்று கேள்வி கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், காட்டுவார். கழற்றிய பழைய பொருளையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரி மாற்றியே ஆக வேண்டும் என்றால் வாரன்டி அட்டையில் தேதியும் கடை முத்திரையும் இருக்கிறதா என்று பார்த்து, குழுவின் கோப்பிலேயே வையுங்கள். பழைய பேட்டரியைத் தெருவில் வருகிற காயலான்காரரிடம் போடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயம். கண்ட இடத்தில் உடைத்து உருக்கினால் அந்தப் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். பழைய பேட்டரியை முறையாகத் திரும்பப் பெற வேண்டும் என்று 2001-லேயே மத்திய அரசு விதி போட்டது. 2022-ல் அதற்குப் பதிலாகப் புது விதி வந்து, அந்தப் பொறுப்பு பேட்டரி தயாரிப்பவர்கள் மேல் வைக்கப்பட்டது. புது பேட்டரி வாங்குகிற கடையிலேயே பழையதைக் கொடுத்தால் அதற்கான தொகையைப் பில்லில் கழித்துக்கொள்வார்கள். எவ்வளவு கழித்தார்கள் என்று பில்லில் தனியாக எழுதி வாங்குங்கள். வண்டிச் செலவு நோட்டில் அது வரவுப் பக்கம் ஏற வேண்டிய பணம்.